சுண்டு விரலும் பாதி மோதிர விரலும்

என் மதினியின் வலது கைச் சுண்டு விரல் மரத்துப்போனபோது, அதற்குக் காரணம் நான்தான் என்று ஊர் முடிவு செய்தது. ஊர் என்றால் எங்கள் தெரு, பக்கத்துத் திராட்சைப் பந்தல்காரர்கள், பூச்சிமருந்துக் கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள். ஒருத்தனைப் பற்றி முடிவு செய்ய இவர்களுக்கு அரை டீ போதும்.

சுருளிப்பட்டி ரோட்டில் எங்களுக்குத் திராட்சைப் பந்தல் இருக்கிறது. அண்ணனுக்கும் எனக்கும் பொது. அண்ணன் ஜீப் ஓட்டுகிறவர். காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். பந்தலில் கிடப்பது நானும் மதினியும்தான். கவாத்து வெட்டுவதில் மதினியை மிஞ்ச எங்கள் பக்கம் ஆள் கிடையாது. எந்தக் கொடியில் எந்த முளைக்கண்ணுக்கு மேலே வெட்டினால் நல்ல குலை இறங்கும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். கூலிக்கு வரும் ஆம்பிளைகள் அவர் வெட்டுகிற வரிசைக்குப் பக்கத்து வரிசையில் நிற்கவே கூச்சப்படுவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் கை போனால் என்ன போகும் என்று தெரியட்டும், அதற்காகச் சொல்கிறேன்.

கவாத்து முடிந்ததும், கண்கள் எல்லாம் ஒரே சமயத்தில் துளிர்க்க ஒரு மருந்து தடவுவோம். வாளியில் கலக்கி ஒவ்வொரு கண்ணிலும் தொட்டு வைக்க வேண்டும். பொல்லாத மருந்து. தோலில் பட்டால் எரியும். தடவிய அன்றைக்கு எவனாவது தண்ணி போட்டால் முகம் சிவந்து, மூச்சு வாங்கி, உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிடுவான். பந்தல் வேலை பார்க்கிற எல்லோரும் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அதனால் எங்கள் பக்கம் யாருக்கு என்ன வந்தாலும், தலைவலியோ சொறியோ வாந்தியோ, முதலில் மருந்தைத்தான் சொல்வார்கள். பாதி நேரம் அது உண்மையும்கூட. எங்கள் பந்தலில் மருந்து கலக்குகிறவன் நான். வேறு சாட்சி எதற்கு?

முதலில் வெறும் மதமதப்புதான். கையை உதறினால் சரியாகிவிடும். பிறகு உதறினாலும் சரியாகவில்லை. கத்தரி நழுவ ஆரம்பித்தது. சேலைக்கு ஊக்குக் குத்த இடது கையைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஒரு நாள் பம்புசெட் ரூம் பூட்டில் சாவியைப் போட்டுவிட்டுத் திருப்ப முடியாமல் நின்றார். நான் போய்த் திருப்பினேன். அப்போதுதான் கேட்டார்.

"கொழுந்தனாரே, மருந்த எம்புட்டுய்யா கலக்குன?"

"எப்பயும் கலக்குறதுதான் மதினி."

"எப்பயும் கலக்குறதுன்னா எங்கையும் எப்பயும்போலல்ல இருக்கணும்? இந்தா, இந்த வெரலக் கடிச்சுப் பாரு. நான் கத்துறேனான்னு பாப்பம்."

"உங்க வெரலக் கடிக்கவா எங்காத்தா என்னயப் பெத்தா?"

"பெத்ததுக்கு ஒரு பிரயோசனமாச்சும் இருக்கட்டுமேய்யா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சாயங்காலம் அண்ணன் ஜீப்பை நிறுத்தியதும் அவரிடம் சிரிக்காமல் சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏலே, கைக்கு உறை குடுத்தயா இல்லையா?"

கொடுத்தேன். மதினி போட்டுக்கொண்டுதான் தடவினார். நான்தான் வெறுங்கையோடு கலக்குவேன். விஷம் ஏறுவதானால் முதலில் எனக்குத்தானே ஏற வேண்டும்? இதைச் சொன்னேன். அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். நம்பவில்லை என்று அர்த்தம்.

பிறகு வைத்தியர்கள் கிளம்பினார்கள். எங்கள் தெருவில் வைத்தியம் சொல்லாதவர்கள் பேச்சு வராத குழந்தைகள் மட்டும்தான். நரம்புத் தளர்ச்சி என்றார் ஒருவர். அது என்ன நோய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மருந்துக்கடையில் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். எண்ணெய் கொண்டுவந்து கீழிருந்து மேலே தடவச் சொன்னாள் ஒருத்தி, மேலிருந்து கீழே என்றாள் இன்னொருத்தி. பக்கத்துப் பந்தல்காரர், பக்கவாதம் இப்படித்தான் விரலில் தொடங்கும் என்று மதினியின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார். மனுசனா அவர்? அன்றைக்கெல்லாம் மதினி கண்ணாடியில் வாயைக் கோணிக் கோணிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நரம்பு எது என்று யாரையாவது காட்டச் சொன்னால், புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதைக் காட்டுவார்கள். அது ரத்தக் குழாய். நரம்பு வெளியே தெரியாது, வெள்ளையாக உள்ளே ஓடுகிறது. இது எனக்கும் அப்போது தெரியாது.

மதினியின் கைக்காகத்தான் அவரைத் தேனிக்குக் கூட்டிப் போனேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. படித்த ஆள் ஒருவர் வாயால் "மருந்து இல்லை" என்று சொல்ல வேண்டும், அதை மதினி காதால் கேட்க வேண்டும். அதற்காகவும்தான் போனேன். பஸ் உத்தமபாளையம் தாண்டியது. சின்னமனூரில் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தேன். இடது கையால் வாங்கிக்கொண்டார்.

"இதுல ஒண்ணும் கலக்கலயே?" என்றார்.

நரம்பு பார்க்கிற டாக்டர் எங்கள் இருவரையும்விட இளைய பெண். ஜலதோஷத்தில் மூக்கு சிவந்திருந்தது. மதினியின் கையை மேசையில் மல்லாத்தி வைத்து, கண்ணை மூடச் சொல்லி, குண்டூசியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். கட்டை விரல் தெரிந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தெரிந்தன. சுண்டு விரல் தெரியவில்லை. மோதிர விரலுக்கு வந்தபோது டாக்டர் நிதானமானார்.

"இங்க?"

"குத்துது."

"இங்க?"

"இல்ல."

"இங்க?"

"இப்பக் குத்துது. எங்கன குத்துறீகன்னே தெரியலயே, ஒரே வெரல்தானம்மா?"

ஒரே விரல்தான். ஆனால் அதில் நடுவிரலைப் பார்த்த பாதி உயிரோடு இருந்தது, சுண்டு விரலைப் பார்த்த பாதி மரத்திருந்தது. டாக்டர் பேனாவை எடுத்து மோதிர விரலின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார். வரப்புப் போட்ட மாதிரி இருந்தது.

நான் வெறுங்கையில் மருந்து கலக்குவதையும் ஊர் போட்ட பழியையும் உள்ளே நுழைந்ததுமே சொல்லியிருந்தேன். எனக்குப் பொறுமை இல்லை. "டாக்டரு, இது மருந்தாலயா இல்லயா? அத மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"உங்க கேசை அப்புறம் விசாரிக்கலாம். கொஞ்சம் உட்காருங்க" என்றார். பிறகு மதினியிடம், "செருப்பைக் கழட்டுங்க" என்றார்.

"கையக் காட்ட வந்தா காலப் பாக்குறாக" என்று மதினி என்னிடம் முணுமுணுத்தார்.

கால் விரல்கள் எல்லாம் சரியாக இருந்தன. இடது கையும் சரியாக இருந்தது. டாக்டர் மதினியின் வலது உள்ளங்கையைத் தன் விரலால் மெல்லத் தடவினார். "இங்க தொட்டுப் பாருங்க" என்று என்னையும் தொடச் சொன்னார். மதினி பயத்தில் வேர்த்துப்போயிருந்தார். கட்டை விரல் பக்கம் ஈரம். சுண்டு விரல் பக்கம் காய்ந்த காகிதம் போல இருந்தது. பயப்படு, வேர்த்துக்கொள் என்று யாரும் கைக்குச் சொல்வதில்லை. அது தானாக நடக்கிற காரியம். அந்தச் செய்தியும் அதே நரம்பில்தான் போகிறது, அதுவும் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

ஒரு காகிதத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடிக்கச் சொல்லி இழுத்தார். இடது கை விடவில்லை. வலது கையில் கட்டை விரல் நுனி மடங்கியது, காகிதம் வந்துவிட்டது. அந்த இரண்டு விரலுக்கும் நடுவே புறங்கையில் மேடாக இருக்கும் சதையைத் தொட்டுக் காட்டினார். இடது கையில் மேடு இருந்தது. வலது கையில் குழி. நான் தினமும் பார்க்கிற கை. அந்தக் குழியைப் பார்த்ததில்லை.

அதற்கப்புறம்தான் என் கேசுக்கு வந்தார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

தலைக்குள் மூளை. அதிலிருந்து வால் மாதிரி இறங்குகிறது தண்டுவடம், முதுகெலும்பின் துளைக்குள்ளே, பத்திரமாக. எலும்புக்கு எலும்பு இருக்கும் இடுக்கு வழியாக இரண்டு பக்கமும் நரம்புகள் வெளியே வருகின்றன. கழுத்தில் வெளியே வருகிறவை கைக்குப் போகின்றன. ஆனால் நேராகப் போவதில்லை. காறை எலும்புக்குப் பின்னாலிருந்து அக்குள் வரைக்கும் ஒன்றோடொன்று பின்னி, பிரிந்து, மறுபடி சேர்ந்து, வேறு நரம்புகளாக இறங்குகின்றன. உள்ளங்கைக்கும் விரல்களுக்கும் வருவதில் முக்கியமானவை மூன்று. அதில் ஒன்றுக்குச் சொந்தம் சுண்டு விரலும் பாதி மோதிர விரலும்.

"மூளையில அடி வாங்கியிருந்தா பாதி விரல்ல நிக்காது. மூளைக்கு அரை விரல் கணக்கெல்லாம் கிடையாது" என்றார். மதினி பெரிதாக மூச்சு விட்டார். கழுத்து இடுக்கில் நசுங்கியிருந்தால் மோதிர விரல் முழுக்க மரத்திருக்கும், முன்கையின் உள்பக்கமும் மரத்திருக்கும். அங்கே குத்தியது நன்றாகத் தெரிந்ததே?

"அப்ப மருந்து?" என்றேன்.

"விஷம் உடம்பெல்லாம் ஓடும். ஒரு கையில ஒரு நரம்பைத் தேடிப் பிடிச்சு அடிக்காது. பெரும்பாலும் நீளமான நரம்புதான் முதல்ல படுக்கும். காலுக்குப் போறதுதான் நீளம். ரெண்டு காலும் விரல்லருந்து மரத்துட்டு வரும். இவங்க கால் நல்லா இருக்கு." பிறகு என்னை முறைத்தார். "அதுக்காக மருந்து நல்லதுன்னு நான் சொல்லல. நீங்க வெறுங்கையில கலக்குறதா சொன்னீங்க. உங்க காலையும் ஒரு நாள் வந்து காட்டுங்க."

அது எனக்கு எங்கே காதில் விழுந்தது? எழுந்தே நின்றுவிட்டேன். "கேட்டீகளா மதினி? கேட்டீகளா? ஊர்ல போயிச் சொல்லுங்க."

மதினி என் பக்கமே திரும்பவில்லை. "திரும்பக் கத்தரி பிடிக்க வருமா?" என்று டாக்டரைக் கேட்டார்.

டாக்டர் மதினியின் கையை மறுபடி தன் பக்கம் இழுத்து வைத்தார். நான் உட்கார்ந்தேன்.

அவர் மதினியின் முழங்கையை மடக்கி, உள்பக்க எலும்புக்குப் பின்னாலிருக்கும் பள்ளத்தில் விரலால் லேசாகத் தட்டினார். மதினி துள்ளிவிட்டார். கதவு நிலையில் இடித்துக்கொண்டால் கரண்டு அடித்த மாதிரி சுண்டு விரல் வரை ஓடுமே, அந்த இடம். மற்ற நரம்புகள் சதைக்குள் பதுங்கிப் போகின்றன. இது ஒன்று மட்டும் அங்கே எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் அப்பாவியாகப் படுத்திருக்கிறது.

"முழங்கையை எங்கயாவது ஊன்றி வேலை பார்ப்பீங்களா?"

நானும் மதினியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பந்தல் கம்பி ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கவாத்து வெட்டுகிறவர்கள் நாளெல்லாம் அண்ணாந்து, கையைத் தூக்கியபடி நிற்க வேண்டும். கழுத்து விட்டுப்போகும். மதினி குள்ளம் வேறு. அதனால் அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பழம் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நிற்பார். தலையும் தோளும் கம்பிகளுக்கு நடுவே மேலே வந்துவிடும். இரண்டு முழங்கையையும் கம்பியில் ஊன்றி, வெட்டுகிற வலது கையில் பாரத்தைப் போட்டுக்கொண்டு, மேசையில் காய் நறுக்குகிற மாதிரி குனிந்து வெட்டுவார். கீழேயிருந்து பார்த்தால் தலையில்லாத உடம்பு ஒன்று பெட்டிமேல் நிற்பது போலிருக்கும். கழுத்துவலி போய்விட்டது. இதைப் பார்த்துப் பக்கத்துப் பந்தல் பெண்களும் பெட்டி போட ஆரம்பித்தார்கள். கழுத்தைக் காப்பாற்றப் போய், முறுக்கிக் கட்டிய இரும்புக் கம்பியை அந்தப் பள்ளத்தில் வருசக்கணக்காக வைத்து அழுத்தியிருக்கிறார்.

"கம்பியா?" என்றார் டாக்டர், மூக்கைச் சிந்திக்கொண்டே.

"ஆமாம்மா. பந்தக் கம்பி."

அடுத்த வாரம் கரண்டு வைத்து நரம்பைப் பரிசோதித்தார்கள். முழங்கைக்கு மேலே செய்தி சரியாக ஓடியது. கீழேயும் ஓடியது, ஆனால் பலமில்லாமல். முழங்கையைக் கடக்கும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் தடுமாறியது. குழி விழுந்துவிட்டதால் தள்ளிப்போட வேண்டாம், ஆபரேஷன் செய்து நரம்பை இறுக்குவதை அறுத்து விட்டுவிடலாம் என்றார் டாக்டர். உணர்ச்சி திரும்ப வாய்ப்பு அதிகம், சதை எவ்வளவு திரும்பும் என்று தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். பொய் சொல்லாததற்காக எனக்கு அவரைப் பிடித்தது.

ஆபரேஷன் அன்றைக்கு அண்ணன் ஜீப் எடுக்கவில்லை. மதினிக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. காறை எலும்புக்கு மேலே ஒரே ஒரு ஊசி. நரம்புகள் பின்னிக்கொள்ளும் இடத்தில் மருந்து போய் நின்றால் தோளிலிருந்து விரல் வரை எல்லாம் படுத்துவிடுமாம். மதினி பிறகு அதைத் தெருவுக்கே நடித்துக் காட்டினார்.

"கண்ணு முழிச்சுத்தான் கெடக்கேன். பக்கத்துல ஒரு கை கெடக்கு. யாருதுடா இதுன்னு பாக்குறேன், எங்கையிதான். தூக்குன்னா தூக்க மாட்டேங்குது. சின்னப் பிள்ள கணக்கா நர்சம்மா அதத் தூக்கி வைக்கிது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிக்காதம்மா, ஆடுதுன்னாக."

வெட்டிப் பார்த்தபோது நரம்பு வெள்ளைக் கயிறு மாதிரி இருந்ததாகவும், பள்ளத்தில் மட்டும் தட்டையாக நசுங்கி, அதற்கு மேலே வீங்கியிருந்ததாகவும் டாக்டர் அண்ணனிடம் சொன்னார். வீட்டுக்கு வந்து அண்ணன் என்னிடம், "கம்பிதான்டா" என்றார். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, எதிர்பார்த்தேன் என்பது வேறு.

இனி காத்திருக்க வேண்டும். ஏன் காத்திருக்க வேண்டும் என்றுதான் நான் டாக்டரிடம் சண்டை போட்டேன். அவர் சொன்ன பதிலை இன்றுவரை முழுசாக நம்ப முடியவில்லை. கையின் சதைக்கு உத்தரவு கொண்டுவரும் ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு உயிரணுவாம். அதன் உடம்பு கழுத்துக்குள் தண்டுவடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்கே தெரியாத அதன் வால் உள்ளங்கை வரை நீண்டிருக்கிறது. நசுங்கிய இடத்துக்குக் கீழே பல இழைகளில் வால் செத்துவிட்டது. நரம்பின் கூடு மிச்சமிருக்கிறது. அந்தக் கூட்டுக்குள் முழங்கையிலிருந்து புதிதாக வளர்ந்து விரலுக்கு வந்து சேர வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தால் அதிகம்.

வளர்கிற முனை எங்கே இருக்கிறது என்று தட்டிப் பார்த்தால் தெரியும். அந்த இடத்தில் சுரீரென்று விரலுக்கு ஓடும். மதினிக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது. சாயங்காலமானால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து முழங்கையிலிருந்து கீழ்நோக்கித் தட்டிக்கொண்டே வருவார்.

"என்னா மதினி, எங்கன வந்திருக்கு?"

"லோயர் கேம்ப்புல தொறந்தாச்சுய்யா. இன்னும் கம்பமே தாண்டல. வீரபாண்டிக்கு எப்ப வந்து சேரப்போகுதோ."

மலையடிவாரத்தில் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்தால், எந்த ஊர்வரை வந்திருக்கிறது என்று எங்கள் பக்கம் எல்லோரும் கேட்கிற கேள்விதான். கால்வாய்த் தண்ணீர் ஒரு பக்கமாகத்தான் ஓடும், நரம்பில் மேலேயும் கீழேயும் ஓடுமே என்று நான் சொன்னேன். "பெரிய டாக்டரு வந்துட்டாரு" என்றார்.

ராத்திரி தூக்கத்தில் முழங்கை மடங்கிவிடாமல் அண்ணன் துண்டைச் சுற்றிக் கட்டிவிடுவார். அந்த வருசம் கவாத்து முழுக்க நான்தான் வெட்டினேன். மதினி கீழே நின்று சொல்லச் சொல்ல வெட்டுவேன். நான் வெட்டிய லட்சணத்துக்கு அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மேலே கம்பியில் சாக்கைச் சுற்றி வையுங்கள், முழங்கையை ஊன்றாதீர்கள் என்று பக்கத்துப் பந்தல் பெண்களிடம் போய்ச் சொன்னேன். ஒருத்தி சாக்குச் சுற்றினாள். மற்றவர்கள், தன் மருந்துப் பழியைக் கம்பிமேல் போடுகிறான் என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். மதினியே போய்க் கையின் குழியைக் காட்டிய பிறகு இன்னும் இரண்டு பேர் சுற்றினார்கள்.

குலைகள் கறுக்கத் தொடங்கிய ஒரு காலையில், பழுதான காய்களைக் கிள்ளிக்கொண்டிருந்த மதினி "ஆத்தே!" என்று அலறினார். பாம்பென்று நினைத்து மண்வெட்டியோடு ஓடினேன். வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சுண்டு விரலின் வெளிப்பக்கத்தில் ஒரு கட்டெறும்பு தலையைப் புதைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. தட்டிவிடக் கையைக் கொண்டுபோனேன்.

"தொட்ட, கொன்னுருவேன். கடிக்கட்டும்."

"வலிக்குதா மதினி?"

"வலிக்காம? எரும மாடு, எறும்பு கடிச்சா வலிக்காமலா இருக்கும்?" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கவும் இல்லை, எறும்பை எடுக்கவும் இல்லை. அது தானாக விட்டு இறங்கிப் போனது. கடித்த இடம் சிவந்து தடித்தது. அதை இடது கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

பிறகு என் இடுப்பிலிருந்த கத்தரியை உருவினார். ஓரமாகத் தொங்கிய சுருள் கொடி ஒன்றை வெட்டினார், வெட்டுப்பட்டது. பென்சில் கனத்துக் கொடி ஒன்றில் வைத்து அழுத்தினார். பாதி போய் நின்றது. மறுபடி அழுத்தினார். கட்டை விரல் நுனி மடங்கியது, கொடி அப்படியே இருந்தது. புறங்கையில் குழி அப்படியே இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது, கொஞ்சம் மேலேறியிருக்கிறது என்று அண்ணன் சொல்கிறார், எனக்கு அப்படித் தெரியவில்லை.

கத்தரியை என்னிடம் நீட்டினார்.

"நீ வெட்டு. கண்ண விட்டுட்டு வெட்டு, போன தடவ மாதிரி மொட்டையடிக்காத."

வெட்டினேன். அவர் விரலைச் சொறிந்துகொண்டே அடுத்த கொடியைக் காட்டினார்.